பூனைக்கும் ஒரு கொல்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்ணைக் கொத்தி, கட்டிகளை உடைத்து, சல்லடையில் சலித்து மாவு மாதிரி ஆக்கினேன். முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே கையால் தடவிவிட்டுப் படுக்கப் போனேன். திங்கட்கிழமை காலை காபி டம்ளரோடு வந்து பார்த்தால் பாத்தியில் மூன்று குழிகள், பக்கத்திலேயே மூன்று சின்ன மேடுகள். கிளறிப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வாசனையே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

வெளியூர்த் தமிழர்களுக்கு இந்த இழப்பின் கனம் புரியும். புனே மார்க்கெட்டில் மேத்தி, பாலக், புளிப்பான ஆம்பட் சுக்கா எல்லாம் மலை மாதிரி குவிந்திருக்கும். நம் தண்டுக்கீரைக்கு உறவான மாட் கூடக் கிடைக்கும். ஆனால் அரைக்கீரையும் மணத்தக்காளியும் வேண்டுமென்றால் ஊரிலிருந்து யாராவது விதை கொண்டுவர வேண்டும். அதைப் போடப் பத்தடிக்கு ஆறடி மண் வேண்டும். அந்த மண் கோர்படியில் என் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதுதான் நான் இந்த வீட்டுக்குக் குடிவந்ததற்கே காரணம்.

கோர்படிக்கு ஒரு பக்கம் ராணுவம், இன்னொரு பக்கம் ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட். இந்த இரண்டையும் நம்பித் தலைமுறைகளுக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. ஊரில் ஒரு பகுதி கன்டோன்மென்ட்டைச் சேர்ந்தது, மறுபகுதி மாநகராட்சியைச் சேர்ந்தது. மராத்தியில் கோர்பட் என்றால் உடும்பு. நான் இங்கே உடும்பைப் பார்த்ததில்லை. பூனைக்குக் குறைவில்லை. எங்கள் சந்தில் மட்டும் நான்கு. அவற்றில் ஒன்று சண்டையில் காது கிழிந்த கடுவன். மராத்தியில் கடுவன் பூனையை போகா என்பார்கள். அதற்கு வேறு பெயரும் வைக்கவில்லை. பெண் பூனைக்கு இங்கே வீட்டுக்கு வீடு வைக்கும் பெயர் மனி. தமிழ்க் காதில் அது மணி என்று விழும். பூனைக்கு மணி கட்டும் பிரச்சினை எங்கள் தெருவில் பெயரளவில் முன்பே தீர்ந்திருந்தது.

நான்குக்கும் சோறு போடுகிறவர் எதிர்வீட்டு ஆஜி. எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். காலையும் மாலையும் சோற்றில் காய்ந்த போம்பில் மீனைப் பிசைந்து வைப்பார். முன்பு பாலும் வைத்துக்கொண்டிருந்தார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு நிறுத்திவிட்டார். (பாற்கடலையே நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனை என்று அவையடக்கத்தில் தன்னைச் சொல்லிக்கொண்ட கம்பருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் உவமை இன்னும் பொருத்தமாகியிருக்கும்.)

ஆஜியிடம் போய்ச் சொன்னேன். "தாயி, அதுகளுக்கு நான் சோறு போடுகிறேன். எங்கே போய் உட்கார வேண்டும் என்று நானா சொல்லிக்கொடுக்க முடியும்?" என்றார். தாயி என்றால் மராத்தியில் அக்கா. என்னைவிட முப்பது வயது மூத்தவர் மரியாதைக்காக அப்படிக் கூப்பிட்டால் அதற்கு மேல் சண்டை போடமுடியாது.

பிறகு எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். முதலில் ஆரஞ்சுத் தோல். இரண்டு நாள் பூனைகள் வரவில்லை, மூன்றாம் நாள் தோல் காய்ந்தது, வந்துவிட்டன. அடுத்து ஃபில்டர் காபிச் சக்கை. எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை, ஆனால் அதன் வீரியமும் முதல் தண்ணீர் ஊற்றும்வரைதான். நீலம் கரைத்த தண்ணீர் பாட்டில்களை வாசலில் வரிசையாக வைத்தால் நாய் வராது என்று நம் ஊர்களில் நம்புகிறார்களே, ஜப்பானில் பூனைக்காக அதையே வெறும் தண்ணீரில் செய்கிறார்கள். பாட்டிலில் பட்டுச் சிதறும் வெளிச்சத்துக்குப் பூனை பயப்படும் என்று கணக்கு. எங்கள் போகா பாட்டிலில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி விரட்டும் கருவியும் விற்கிறது. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தினர் அதைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பூனைகளின் வரவு ஓரளவு குறைந்தது, நிற்கவில்லை. மிளகாய்ப் பொடி தூவச் சொன்னவர்களும் உண்டு. காலில் ஒட்டிய பொடியைப் பூனை நக்கும், அதே காலால் கண்ணைத் துடைக்கும். அதை மட்டும் நான் செய்யவில்லை.

செய்தது அதைவிட மோசம். லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். "நாலையும் கோணியில கட்டி முளா-முட்டா ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடறேன் தங்கச்சி, ஒரு ஆட்டோ காசு ஆகும்" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப அந்துருண்டை போடு. நாத்தம் தாங்காம ஓடிப்போயிடும்" என்றார். கோணியைவிட அது கருணையான வழியாகத் தெரிந்தது. இருபது அந்துருண்டை வாங்கிப் பாத்தியைச் சுற்றி வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆஜி என் கேட்டைத் தட்டினார். கையில் மனியின் குட்டி, பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். பூனைக்குப் பிறந்ததையும் எலிக்குப் பிறந்ததையும் அணிலுக்குப் பிறந்ததையும் குட்டி என்றே சொல்லவேண்டும் என்பது தொல்காப்பிய மரபியல். எலியையும் பூனையையும் ஒரே நூற்பாவில் சமாதானமாக உட்காரவைத்தவர் அவர். வகுப்பில் படித்தபோது வெறும் பட்டியலாகத் தெரிந்தது. ஆஜியின் முந்தானையில் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தபோது அந்தச் சொல் வேறு மாதிரி இருந்தது. அதன் ஈறு வெளுத்திருந்தது. அந்துருண்டையை உருட்டி விளையாடிய குட்டி ஒன்றைக் கடித்திருக்கிறது.

கால்நடை மருத்துவர் ஊசியும் குளுகோஸும் ஏற்றிவிட்டு, எனக்குப் பாடம் எடுத்தார். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மனிதனிடமும் நாயிடமும் ஈரலில் இருக்கும் ஒரு நொதி பூனையிடம் செயல்படுவதில்லை. அதனால் ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியே தள்ள அதன் உடலுக்குத் தெரியாது. நாம் வாசல் கழுவும் பினாயில் காலில் ஒட்டி, அதை நக்கினாலே ஆபத்து. நமக்குத் தலைவலிக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் அரை மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். வேண்டுமென்றே விஷம் வைப்பவர்களுக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் ஐந்தாண்டுவரை சிறை உண்டு. கோணியில் கட்டிக் கொண்டுபோய்ப் பட்டினியில் விடுவதும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். அந்தச் சட்டம் முதல் தடவைக்கு விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் என்பது வேறு விஷயம். ஆட்டோக்காரர் அதைவிட அதிகம் கேட்பார்.

குட்டி பிழைத்துவிட்டது. செலவை நான் கொடுத்தேன். ஆஜி பதினொரு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பதினொரு நாளில்தான் என் தங்கை வந்து சேர்ந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். அம்மா இருந்திருந்தால் அங்கே போயிருப்பாள். அம்மா இல்லாததால் அக்கா வீடு. முதல்முறை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அவர் கேட்ட மூன்றாவது கேள்வி: "வீட்டில் பூனை உண்டா?" இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்து, தோட்டத்தில் உண்டு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் பயந்தது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்கு. 1908இல் துனிஸ் நகரத்தில் ஒரு கொறிவிலங்கின் உடலில் அதை முதலில் பார்த்தார்கள். அது எப்படிப் பரவுகிறது என்பது முழுசாகப் புரிய இன்னும் 60 வருடம் ஆயிற்று. பூனையின் குடலில்தான் அது இனப்பெருக்கத்தை முடிக்கிறது, பூனையின் கழிவில்தான் அதன் முட்டை போன்ற உறைகள் வெளியே வருகின்றன என்பதை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கால்நடை விஞ்ஞானி ஜே.பி. துபே. நல்ல உடம்புள்ளவர்களுக்கு இந்தத் தொற்று வந்ததே தெரியாது. கர்ப்பகாலத்தில் முதல்முறையாக வந்தால் மட்டும் குழந்தையின் மூளையையும் கண்ணையும் அது தாக்கக்கூடும்.

தங்கைக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த இரண்டு நாளும் நான் அரைக்கீரை மசியலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த முதல் நாள் ஆசையாகப் பறித்துச் செய்துபோட்டது. எத்தனை தண்ணீரில் அலசினேன், இரண்டா மூன்றா என்று எண்ணிப் பார்த்தேன். நினைவு வரவில்லை. முடிவு வந்தது: இப்போதும் தொற்று இல்லை, முன்பும் இருந்ததில்லை. நான் சந்தோஷப்பட்டேன். மருத்துவர் பாதிதான் சந்தோஷப்பட்டார். முன்பே வந்து போயிருந்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருந்திருக்கும். வராததால் இன்னும் நான்கு மாதம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

ஜாக்கிரதை என்றால் என்ன என்று அவர் சொன்னதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு பூனை சாதாரணமாக வாழ்க்கையில் ஒருமுறை, அதுவும் முதல் தொற்று வந்த இரண்டு மூன்று வாரங்கள்தான் இந்த உறைகளை வெளியேற்றுகிறது. பெரும்பாலும் அது வேட்டையாடக் கற்றுக்கொள்ளும் குட்டிப் பருவம். வெளியே வந்தவுடன் அவற்றால் தொற்ற முடியாது. பக்குவப்பட ஒரு நாளிலிருந்து ஐந்து நாள்வரை வேண்டும். ஆனால் பக்குவப்பட்டபின் ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே பயப்பட வேண்டியது மடியில் படுத்திருக்கும் பூனைக்கு அல்ல. பூனை போய்விட்ட பிறகு மண்ணில் இருப்பதற்கு. தோட்ட வேலைக்குக் கையுறை, கீரையை ஒவ்வொரு இலையாக ஓடும் தண்ணீரில் அலசுவது, கறியை நன்றாக வேகவைப்பது. வேகாத கறியிலிருந்தும் இது வரும், பூனையே இல்லாத வீட்டுக்கும் வரும்.

சரி, பூனை ஏன் என் பாத்திக்கு வருகிறது? நான் அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது சுத்தம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, உலர்நிலத்துப் பிராணி. பொலபொலவென்ற காய்ந்த மண்ணைத் தோண்டி, கழித்து, மூடுவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. சலித்து, மணல் கலந்து, ஈரமில்லாமல், செடி ஏதும் இல்லாமல் நான் தயார் செய்த பாத்தி, பூனையின் கண்ணில் கீரைப் பாத்தியாக எப்படித் தெரியும்? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் 1947இல், தொழிற்சாலைகளில் எண்ணெய்ச் சிந்தலை உறிஞ்ச விற்றுக்கொண்டிருந்த களிமண் துகளைப் பைகளில் கட்டிப் பூனைக்கென்று விற்று பெரும் பணக்காரர் ஆனார். நான் அதே சரக்கைத் தெருப் பூனைகளுக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு அமெரிக்கர்களும் பூனைக்குச் சாம்பலும் மணலும்தான் வைத்தார்கள். நம் வீடுகளில் வைக்கவே தேவையிருக்கவில்லை. கொல்லை இருந்தது. கொல்லையில் அடுப்புச் சாம்பல் குவிந்திருந்தது. என் பாட்டி வீட்டுப் பூனை எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை சந்தை ஒருமுறை முழுக்க நடந்து பார்த்தேன். சாலை சிமென்ட். ஓரத்தில் பேவர் பிளாக். நான் குடிவந்தபோது ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் மண் இருந்தது. இப்போது ஒருவர் ஸ்கூட்டர் நிறுத்த டைல்ஸ் ஒட்டியிருக்கிறார், ஒருவர் சேறு என்று சிமென்ட் பூசியிருக்கிறார், ஆஜியின் மகன் புனேயை விட்டுப் போகும்முன் அம்மா வழுக்கி விழக்கூடாது என்று முற்றத்தை மூடிவிட்டுப் போயிருக்கிறார். எல்லாருக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. நான்கு பூனைகளுக்கும் சேர்த்து எங்கள் சந்தில் மீதமிருந்த மண் என்னுடைய பத்தடிக்கு ஆறடிதான்.

பன்னிரண்டாம் நாள் ஆஜியிடம் போனேன். மன்னிப்பு ஏற்கெனவே கேட்டாயிற்று, இது பேச்சுவார்த்தை. தங்கையின் விஷயத்தைச் சொன்னதும் ஆஜியின் முகம் மாறிவிட்டது. குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம், பிள்ளைத்தாச்சி இருக்கிற இடத்துக்குப் பூனை வந்து கெடுதல் செய்யாது என்றார். செய்யாமல் பார்த்துக்கொள்ள ஒரு தொட்டி வேண்டும் என்றேன்.

உடைந்த பிளாஸ்டிக் தண்ணீர் டாங்கின் அடிப்பாகத்தை அறுத்து, ஆஜி வீட்டுப் பின்சுவரோரம் தகரக் கூரைக்குக் கீழே வைத்தோம். அரை அடி உயரத்துக்கு ஆற்று மணல். என் பாத்தியில் பூனை மூடிவைத்திருந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து அதில் போட்டேன், முகவரி மாறியது தெரியவேண்டுமே. முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மனிதான் முதலில் போனது, பின்னாலேயே குட்டி. போகா கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம் என் பாத்தியை வசதியற்ற இடமாக்க வேண்டியிருந்தது. பங்களாக்களில் வேலை செய்யும் மாலி ஒருவர் வழி சொன்னார். நாற்றங்கால் மேல் முள்ளை வெட்டிப் போடுவது நம் ஊர்க் கிராமங்களில் கோழிக்காகச் செய்வதுதான், எனக்கு மறந்திருந்தது. கன்டோன்மென்ட்டில் கருவேல முள்ளுக்கு எங்கே போவது? காகிதப்பூக் கிளை இருக்கிறதே. மதிலுக்கு மதில் கொட்டிக்கிடக்கிறது, வெட்டி எறிவதை அள்ளிக்கொண்டு வந்தால் போதும். விதை தூவியதும் மேலே அந்தக் கிளைகள், முளை வரும்வரை காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்து ஈரம். ஈர மண் பூனைக்குப் பிடிக்காது. நிரந்தரமாக இருக்கும் பாத்திக்குக் கோழிவலையை மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே படுக்கையாக விரித்தேன். கம்பி முனைகளைக் கீழ்ப்பக்கம் மடிக்கவேண்டும், இல்லையென்றால் கிழிவது நம் விரல். செடி வலைக் கண் வழியாக வந்துவிடும், பூனையால் தோண்ட முடியாது. ஒரே கஷ்டம், வேரோடு பிடுங்கும் முளைக்கீரைக்கு வலை ஒத்துவராது. அறுக்க அறுக்கத் துளிர்க்கும் அரைக்கீரையை வலைக்கு மாற்றினேன், முளைக்கீரைக்கு முள்.

தினமும் காலையில் தொட்டியைச் சுத்தம் செய்யவேண்டும். ஒரு நாள் தாமதித்தால் மருத்துவர் சொன்ன அந்தப் பக்குவப்படும் கணக்கு ஆரம்பித்துவிடும், தொட்டி அசுத்தமாக இருந்தால் பூனையும் பழையபடி என் பாத்தியைத் தேடி வரும். அள்ளியதைக் காகிதத்தில் கட்டி, குப்பை வாங்க வரும் பெண்களிடம் தனியாகக் கொடுக்கிறோம். அவர்கள் கையால் பிரிக்கிறவர்கள்.

இவ்வளவும் நான்கு பூனை நான்காக இருக்கும்வரைதான். பூனைக்குக் கர்ப்பம் ஒன்பது வாரம், குட்டி ஆறு மாதத்தில் தாயாகத் தயார். ஆஜிக்கு இது கசப்பான பேச்சு. ஹடப்சரில் 2025 பிப்ரவரியில் நடந்ததைத்தான் உதாரணமாகச் சொன்னேன், எங்களிடமிருந்து சில கிலோமீட்டர். ஓர் அடுக்குமாடி வீட்டில் 300க்கும் மேற்பட்ட பூனைகள் இருப்பதாக அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் புகார் செய்ய, நிர்வாகம் 48 மணி நேரத்தில் அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது. செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். அந்த வீட்டிலும் நாலு பூனையில்தான் ஆரம்பித்திருக்கும். வீட்டுப் பூனைக்கும் நாயைப்போல உரிமம் வேண்டும் என்று புனே மாநகராட்சி 2022 நவம்பரிலேயே அறிவித்தது. தெருப் பூனைக்கு யார் போய் உரிமம் வாங்குவது என்று ஆஜி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கருத்தடைக்குச் சம்மதித்தார். கூண்டுக்குள் போம்பில் வைத்து மூன்றைப் பிடித்துவிட்டோம். செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது கத்தரித்துவிடுகிறார்கள். போகா இன்னும் சிக்கவில்லை. அதன் காது ஏற்கெனவே கிழிந்திருப்பதால் சிக்கிய மாதிரி ஊரை ஏமாற்றிக்கொண்டு திரிகிறது.

தங்கைக்கு இப்போது எட்டாவது மாதம். தொட்டிப் பக்கம் அவளை விடுவதில்லை. திங்கள், புதன், வெள்ளி என் முறை, மற்ற நாட்கள் ஆஜி. நேற்று அரைக்கீரை இரண்டாம் அறுப்பு. ஒரு கட்டு ஆஜிக்குக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாயி, இதை எத்தனை தண்ணீரில் அலச வேண்டும்?" என்றார்.